ஒயருக்கு ஒட்டிய பிளாஸ்திரி

எங்கள் தோப்பு மினி டிராக்டருக்கு இன்று ஹெட்லைட் ஒயரிங்கை மாற்றினோம். பழையது கருகியதற்கு டிரைவர் குமார் அண்ணனைத்தான் அப்பா ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆம்பூரிலிருந்து வந்த மெக்கானிக் பாய் பழைய ஒயரை உருவிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாப்பா, ஒயருக்குக் காயமா? பிளாஸ்திரி ஒட்டிருக்கீங்க! இந்த ஜாயின்ட்லதான் சூடாயி கருகிருக்கு."

போன மாதம் செல்போன் சார்ஜருக்குக் கரண்ட் எடுக்க அந்த ஒயரை வெட்டி, மறுபடி முறுக்கி, கைக்குக் கிடைத்த பிளாஸ்திரியை ஒட்டியவள் நான். அதைப் பார்த்த ஒரே ஆள் குமார் அண்ணன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் பாய். டேப் கிடைக்கல."

"எத்தினி வாட்டிடா சொல்றது உனக்கு?" என்று அப்பா மறுபடி ஆரம்பித்தார்.

நான் வீட்டுக்குள் போய் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா என் பதிவுகளைப் படிக்காமலேயே லைக் போடுவார். இதை மட்டும் படிக்கும்படி யாராவது அவரிடம் சொல்லுங்களேன்.