ருக்மணி அக்கா போட்ட தோட்டம்

மலையிலிருந்து புளி விற்கப் போளூர் வந்த சின்னத்தாயி, ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். "சேதி தெரியாதா உங்களுக்கு? ருக்மணியம்மா பூட்டாங்க" என்றாள். காய்ச்சலில் விழுந்தவரை மலையிலிருந்து படவேட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே தம்பி வீட்டில் உயிர் பிரிந்திருக்கிறது. காரியமும் முடிந்துவிட்டதாம். அன்று ஆள் குறைவு. இரண்டு வார்டையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். அழுவதற்கு மறுநாள்தான் நேரம் கிடைத்தது.

அவரோடு பயிற்சி பெற்றவர்களுக்கும் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய சிரிப்பு அதிகம் நினைவிருக்காது. எனக்கும் இல்லை. நான் அறிந்த ருக்மணி அக்கா எப்போதும் களைத்திருந்தவர்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் நாங்கள் இருவரும் நர்சுகள். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவருடைய கணவர் வேறொருத்தியோடு வாழப் போய்விட்டிருந்தார். படவேட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடிவாரத்துக்கு மாறுதல் கேட்டு அக்கா வருஷந்தோறும் எழுதுவார். கிடைக்காது.

அப்படி ஒரு வருஷம், இந்த முறையும் இல்லை என்று தெரிந்த சாயங்காலம், கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஆத்திரத்தில் எதையோ உடைக்கப் போகிறார் என்று பயந்து நானும் ஓடினேன். தரையிலிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இங்கதான்னு ஆயிடுச்சு வசந்தா. சோத்துக்குக் காயாச்சும் வேணாமா?"

ஆலங்காயம் சந்தையிலிருந்து வரும் காய் சில நாளில் வதங்கிவிடும். அப்புறம் உருளைக்கிழங்கும் கருவாடும்தான். நான் கல் பொறுக்கிப் போட்டேன். ஊரார் ஆட்டுப் புழுக்கை கொடுத்தார்கள். முதலில் தூவிய விதையைக் கோழிகள் கிளறித் தின்றுவிட்டன. மறுபடி விதைத்து, மேலே முள்ளைப் பரப்பினோம். ஊர் ஊராக நடந்துவிட்டு வந்த காலோடு நிற்க முடியாது. அக்கா தரையில் உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து களை எடுப்பார். கத்திரி காய்த்தது. முதல் காய்களை எண்ணெயில் வதக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தட்டு காலியாகும்வரை இருவரும் நிமிரவில்லை.

கோடையில் ஊர்க் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஒரு காலை நாங்கள் குடத்தோடு திரும்பும்போது சின்னத்தாயி வழியில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்க புள்ளைங்க குடிக்கறதுக்கே இல்ல. நீங்க செடிக்கு மொண்டுகினு போறீங்க. இன்னா நாயம்மா இது?"

அக்கா தன் குடத்துத் தண்ணீரை அவள் குடத்தில் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரையாவது ஊற்றலாம் என்று நான் சொன்னேன். எந்தத் தண்ணீர் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். செடிகள் காய்ந்தன. அவர் மட்டும் தினமும் சாயங்காலம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொள்வார்.

அந்தக் கோடையிலேயே அம்மாவும் போய்விட்டார். அக்கா மலை இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

மழை விழுந்த பிறகு அக்கா காய்ந்த குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் மறுகோடியில் மண் கொத்தும் சத்தம் கேட்டது. சின்னத்தாயி. அவளை யாரும் கூப்பிடவில்லை. பொழுது சாயும்வரை கொத்திவிட்டுப் போனாள்.

அவரைக் கொடி பந்தலில் ஏறிய சமயம் மாறுதல் உத்தரவு வந்தது. போளூருக்கு. அக்கா படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அம்மா இருந்தப்ப குடுத்திருக்கலாம்" என்றார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை என்னைக் கேட்கச் சொன்னார். என் மகன் அப்போது கைக்குழந்தை. போளூரில் மாமியாரிடம் வளர்ந்தான். மாதத்துக்கு ஒருமுறை போனால் என்னைப் பார்த்து அழுவான். எனக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் மறுத்தேன்.

"உனக்காக இல்ல. இன்னொரு ஊர்ல போய் மொதல்லருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்ல. நீ போய்க் கொழந்தயப் பாரு."

அது உண்மையா, நான் போக வேண்டும் என்பதற்காகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது. நான் இறங்கினேன். அவர் கடைசிவரை அங்கேயே இருந்தார்.

என் வீட்டில் தோட்டம் இல்லை. பின்பக்கமெல்லாம் சிமெண்டுத் தரை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது வேறு. மலையில் ஒருத்திக்கு முதல் பிரசவம். கத்தக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அக்கா அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, "முடியலன்னா முடியலன்னு சொல்லு கண்ணு, தப்பில்ல" என்றார்.

போன வாரம் பிரசவ வார்டில் ஒரு பெண்ணிடம் அதையே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "முடியல சிஸ்டர்" என்றாள். சொல்லிவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் முக்கினாள்.