மழை காப்பாற்றிய அணி

எங்கள் கிரிக்கெட் அணியின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு விழா மலரில் போடப் போகிறார்களாம். "பெருமையா இருக்கணும், சுருக்கமாவும் இருக்கணும்" என்றார் என் கணவர். சுருக்கம் தானாகவே வந்துவிடும். பெருமைக்குத்தான் நான் எங்கே போவது?

நான் இந்த அணியின் ஸ்கோரர். கல்யாணமான புதிதில் கணவர் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் போனவள். அன்று ஸ்கோர் எழுத ஆளில்லை. "உங்களுக்குக் கூட்டல் வருமாங்க?" என்று ஒருவர் கேட்டார். கணக்காளர் வேலை பார்ப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? கோபத்தில் அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினேன். இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கணவர் தொடக்க ஆட்டக்காரர். பெரும்பாலும் நான் பென்சிலைச் சீவி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிடுவார்.

அணியைத் தொடங்கியவர் சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த புதுக்கோட்டைக்காரர் ஒருவர். எல்லாருக்கும் அவர் கேப்டன். அவர் இல்லாத இடத்திலும் யாரும் பெயர் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. முதலில் தங்கும் விடுதி நண்பர்களை வைத்து ஆடினார். பிறகு தெம்பனிஸ் பக்கத்திலிருந்து என் கணவரைப் போன்ற கணினிக்காரர்கள் சேர்ந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். விடுதிக்காரர்கள் பந்து வீசுவார்கள், கணினிக்காரர்கள் யோசனை சொல்வார்கள், இங்கே பிறந்தவர்கள் ஆட்டத்தின் விதிகளை நடுவருக்கே விளக்குவார்கள். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கத்தான் ஆள் போதாது.

இப்படிப்பட்ட அணி ஞாயிற்றுக்கிழமை லீக்கில் இரண்டாம் பிரிவில் பல ஆண்டுகள் நிலைத்து நின்றது. எப்படி என்று மற்ற அணிகள் மண்டையை உடைத்துக்கொண்டன. உண்மையை மலரில் போட விடுவார்களோ மாட்டார்களோ, இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களைக் காப்பாற்றியது மழை. மழையால் ஆட்டம் கைவிடப்பட்டால் இரண்டு அணிகளுக்கும் ஆளுக்கொரு புள்ளி. ஒவ்வொரு சீசனிலும் நாங்கள் ஒன்றிரண்டு ஆட்டத்தில் ஜெயிப்போம், மீதியை வானம் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் வானம் யாரையும் கைவிட்டதில்லை.

மின்னல் வரும் அறிகுறி இருந்தால் மைதானத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதும். உடனே எல்லாரும் வெளியேற வேண்டும். மற்ற அணிகள் அப்போது வானத்தைப் பார்க்கும். எங்கள் ஆட்கள் பையைப் பார்ப்பார்கள். சங்கு ஓய்வதற்குள் மட்டை, பேடு, கையுறை எல்லாம் மூட்டைக்குள் போய்விடும். நடுவர் வாயைத் திறக்குமுன் பாதிப் பேர் உடை மாற்றியிருப்பார்கள். பயிற்சி செய்து செய்து இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் முதல் பிரிவு.

இதில் சேராத ஒரே ஆள் கேப்டன். அவருக்கு ஆட வேண்டும். வாரம் முழுக்க வெல்டிங் புகையில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு ஞாயிறு ஒன்றுதான் சொந்தம். ஆனால் அவர் ஆடும் அழகு இருக்கிறதே, அதையும் சொல்லத்தான் வேண்டும். எட்டாவதாக இறங்குவார். எந்தப் பந்தையும் அடிக்க மாட்டார். மட்டையைக் குறுக்கே வைத்துப் பந்தைக் காலடியிலேயே படுக்க வைத்துவிடுவார். அவுட் ஆக்கவும் முடியாது, ரன்னும் வராது.

போன வருடம் அவர் ஊரோடு போய்விட முடிவு செய்தார். முதுகு வலி. அழைத்துப்போக அவர் மனைவி வந்தார். இத்தனை வருடத்தில் அந்த அக்கா சிங்கப்பூருக்கு வருவது அதுவே முதல் தடவை. விடுதியில் தங்க முடியாது என்பதால் எங்கள் வீட்டு அறையில் தங்கினார். கேப்டனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சீசனின் கடைசி ஆட்டம் அந்த ஞாயிறு. அதில் தான் ஆடுவதை மனைவி பார்க்க வேண்டும். ஒரு தடவையாவது.

அணிக்கு வேறு ஆசை. இரண்டாம் பிரிவில் நீடிக்க எங்களுக்கு இன்னும் ஒரு புள்ளி வேண்டும். எதிரணியோ பட்டியலில் முதலிடம். ஜெயிப்பது நடக்கிற காரியமில்லை. மழை பெய்தால் ஒரு புள்ளி, பிழைத்துக்கொள்வோம். எனவே வாரம் முழுக்க அணியின் வாட்சப் குழுவில் வருண பகவானுக்கு அர்ச்சனை நடந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் மனது கேட்கவில்லை. அவன் காலையிலேயே மைதானத்துக்கு வந்து இறைச்சி சுடும் சாத்தே குச்சியில் சிவப்பு மிளகாயும் வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டுவைத்தான். மழையைத் தள்ளிப்போட மலாய்க்காரர்களிடம் உள்ள வழி அது.

"டேய், யார் பக்கம்டா நீ?" என்று என் கணவர் கேட்டார்.

"கேப்டன் அங்கிள் பக்கம் லா. அன்ட்டி அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க."

எதிரணி முதலில் ஆடியது. நாங்கள் துரத்த வேண்டிய ரன்னைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் மதியச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டார்கள், இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்பதுபோல. கேப்டன் மட்டும் காலில் பேடு கட்டி, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாவதாக இறங்குகிறவர் சாப்பாட்டு வேளையிலேயே கட்டிக்கொள்வதா என்று எல்லாரும் ஓட்டினார்கள். அக்கா அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது எதுக்கு, மழைக்கா?" என்று பேடைத் தட்டிப் பார்த்தார்.

அப்போது சங்கு ஊதியது. வானம் கறுத்து, கொட்டித் தீர்த்தது. எங்கள் கூடாரத்தில் தீபாவளி. ஒரு நிமிடத்தில் மூட்டை கட்டியாயிற்று. எங்கள் சுழற்பந்து வீச்சாளர் லிட்டில் இந்தியாக் கடைகளுக்குக் காய்கறி கொண்டுபோகிறவர். அணியின் சாமான்கள் எப்போதும் அவர் வேனில்தான் போகும், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில். அன்றும் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, "சரி, அடுத்த சீசன்ல பாப்போம்" என்று கையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். நடுவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பெய்த வேகத்திலேயே மழை நின்றது. வெயிலும் வந்தது. நடுவர்கள் தரையை அழுத்திப் பார்த்தார்கள். ஓவர்களையும் இலக்கையும் குறைத்து ஆட்டத்தைத் தொடரலாம் என்றார்கள். ஆடத் தயாராக இல்லையென்றால் தோற்றதாக எழுதப்படும், புள்ளி கிடையாது.

என் கணவர் வேனுக்குப் போன் போட்டார். வேன் சிராங்கூன் சாலையில் இருந்தது. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக்குள் நுழைந்த வண்டியைக் கூப்பிடுவதும் கடலில் போட்ட கல்லைக் கூப்பிடுவதும் ஒன்று. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி பேடு, ஒரே ஒரு மட்டை. இரண்டும் கேப்டனிடம். அவர்தான் மழை முழுக்க எதையும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாரே.

எதிரணிக்காரர்கள் நல்ல மனிதர்கள். இன்னொரு ஜோடி பேடும் மட்டையும் கையுறைகளும் கொடுத்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அரைக்கால் சட்டைக்கு மாறியிருந்த என் கணவர் ஈரமான வெள்ளைக் கால்சட்டைக்குள் மறுபடி புகுந்தார். மனைவி பார்க்கக் காத்திருந்தவரிடம் பேடைக் கழற்றித் தரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. இப்படியாக எட்டாவது ஆட்டக்காரரான கேப்டன், அணி வரலாற்றில் முதல் தடவையாக, தொடக்க ஆட்டக்காரராக நடந்து போனார். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து நடந்ததை எழுத என் பென்சில் இன்றும் கூசுகிறது. பத்து ஓவர் ஆட்டம். ஓவருக்கு ஏழு எட்டு ரன் அடிக்க வேண்டும். கேப்டன் வழக்கம்போல் பந்தைக் காலடியில் படுக்க வைத்தார். என் கணவர் பதறி இல்லாத ரன்னுக்கு ஓடினார். கேப்டன் இடத்தை விட்டு அசையவில்லை. ரன் அவுட். அது கேப்டனின் தப்பு என்று என் கணவர் இன்றும் சொல்வார். வீட்டில் அமைதி வேண்டுமே என்று நான் மறுப்பதில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய், மட்டையைச் சுழற்றி, கிடைத்த ரன்னைச் சேர்த்து, அவுட் ஆகித் திரும்பினார்கள். கேப்டன் மட்டும் நின்றார். ஒரே ஒரு பந்து, அதுவும் மட்டை விளிம்பில் பட்டு, பின்பக்கமாக எல்லைக்கோட்டுக்கு ஓடியது. அக்கா எழுந்து நின்று கைதட்டினார். அது அழகான அடி இல்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பத்து ஓவரும் முடிந்தன. கேப்டன் அவுட்டாகவில்லை. நாங்கள் தோற்றோம். அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்கிற அளவு கிட்டத்தில் போய்த் தோற்றோம். அதுதான் எல்லாருக்கும் எரிச்சல். அவரை யார் திட்டுவது? முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். கேப்டன் வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேடைக் கழற்ற ஆரம்பித்தார். வியர்வையில் முகம் மின்னியது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, எல்லாரும் ஏன் உம்முன்னு இருக்காக?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"தோத்துட்டோம்க்கா. கீழ்ப் பிரிவுக்குப் போயிட்டோம். அந்த மழை நிக்காமப் பெஞ்சிருந்தா தப்பிச்சிருப்போம். இத்தனை வருஷமும் மழைதான் எங்களக் காப்பாத்துச்சு."

"மழையா?" அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெழம பகல்ல நான் போன் போட்டா அவுக எடுக்க மாட்டாக. ஆட்டத்துல இருப்பாக. சாயங்காலம் பேசுனா அசதியில ரெண்டு வார்த்த. இங்க மழை பெஞ்சா மட்டும் அவுகளே கூப்புடுவாக. வீட்டுக் கதை, புள்ளைக கதை எல்லாம் ஒண்ணு விடாம கேப்பாக. அதனால சனிக்கெழம ஆனா மாரியாத்தாவுக்கு ஒரு வெளக்கு வச்சுருவேன். நாளைக்குச் சிங்கப்பூர்ல மழை பெய்யட்டும்னு."

மழை நாட்களில் கேப்டன் போனை எடுத்துக்கொண்டு கூடாரத்தை விட்டுத் தள்ளிப்போய் நிற்பார். ஆட்டம் போன கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நேத்தும் வெளக்கு வச்சீங்களாக்கா?"

"நேத்து எதுக்கு? ஆளையே கூட்டிக்கிட்டுப் போறேன், இனி மழை எதுக்கு?"

கேப்டனின் கை பேடின் வாரிலேயே நின்றுவிட்டது. "நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்லியிருந்தா ஆடாம இருந்திருப்பீகளா?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். வாரைக் கழற்றிப் பேடை ஓரமாக வைத்தார்.

"ஆடியிருப்பேன்" என்றார்.

"அதான் சொல்லல" என்றார் அக்கா.