சிவப்புத் திரைக்கு முன்னால் மாசிபியா

ஸோட்வாவின் அப்பாவுக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்று கொள்ளை ஆசை. நான்காவதும் பெண்ணாகப் பிறந்தபோது ‘அனெலே’ என்று பெயர் வைத்தார். ஸூலு மொழியில் போதும் என்று அர்த்தம். நம் பக்கம் போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா, அந்த மாதிரிதான். அதற்குப் பிறகும் ஒருத்தி வந்து பிறந்தாள். அவளுக்கு அலுப்போடு ‘ஸோட்வா’ என்றார். ‘பெண்களே பெண்கள்’ என்று அர்த்தம்.

அந்த ஸோட்வாவுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் தொழில். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் துணி, ஒரு முக்காலி, பேட்டரியில் ஓடும் சின்ன பிரிண்டர், ஒரு கேமரா. பக்கத்தில் நாலைந்து பேர் இதே தொழில் செய்தார்கள். வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுப்பார்கள். ஸோட்வா யாரையும் இழுக்க மாட்டாள். உட்கார வைப்பாள், கன்னத்தில் ஒரு விரல் வைத்து முகத்தைத் திருப்புவாள். “நேரா பாருங்க. காது தெரியணும். ஆச்சு.” அவ்வளவுதான். வருஷக்கணக்காக அவள் எடுத்த முகங்களைச் சேர்த்து வைத்தால் ஒரு ஊரே குடியேறலாம். எல்லாம் கட்டைவிரல் அகலம்.

கிரே தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் மூட்லியின் கடையில்தான் அவள் அந்தக் காலண்டரைப் பார்த்தாள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஐரோப்பாவின் பழைய எண்ணெய் ஓவியம் ஒன்று. அந்த மாதப் படத்தில் நீலப் பட்டு உடுத்திய ஒரு சீமாட்டி. ஜன்னல் வெளிச்சம் அவள் கழுத்தில் வழிந்து, கையில் வழிந்து, மேசையில் இருந்த பழத்தட்டு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. தட்டை ஏந்தியிருந்தது ஒரு கறுப்புச் சிறுமி. அவள் முகம் இருட்டில் கிடந்தது. கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது.

“இது யாரு?” என்றாள் ஸோட்வா.

“யாரோ ராணி” என்றார் மூட்லி.

“அவ இல்ல. இந்தப் புள்ள.”

மூட்லி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “இத்தனை நாளா என் தலைக்கு மேலதான் தொங்குது. இன்னிக்குத்தான் அங்க ஒரு புள்ள இருக்குறதே தெரியுது. நீயே கிழிச்சு எடுத்துட்டுப் போ.”

அன்றைக்கே ஸோட்வா முடிவு செய்துவிட்டாள். தன் ஜனங்களை இப்படி ஒரு வெளிச்சத்தில், படத்துக்கு நட்டநடுவில் உட்கார வைத்து எடுக்க வேண்டும்.

நகருக்கு வெளியே உம்லாஸியில் அக்கா அனெலேயின் வீட்டில் ஒரு கராஜ் இருந்தது. கார் போய்ப் பல காலம். மேலே சுருட்டும் இரும்புக் கதவைப் பாதி தூக்கினால் பக்கவாட்டில் வெளிச்சம் பாயும். புடவைக் கடையில் அடர்சிவப்பில் கனமான துணி வாங்கிப் பின்னால் கட்டினாள். முதல் ஆளாக அனெலேயையே உட்கார வைத்தாள். வாடகைக்கு எடுத்த பட்டு கவுன், கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு வெள்ளைப் பட்டை.

“என்னடி இது, கழுத்துல தட்டு மாட்டி விட்டிருக்க? இதுல சோறு போடப் போறியா?” என்றாள் அனெலே.

“வாயை மூடு. ராணி பேசமாட்டா.”

“பேசாத ராணி எந்த ஊர்லடி இருக்கா?”

எடுத்த படத்தைப் பார்த்ததும் ஸோட்வாவுக்கு முகம் தொங்கிப்போனது. அனெலே அழகாகத்தான் இருந்தாள். ஆனால் இன்னொருத்தியின் வீட்டு விசேஷத்துக்கு அவள் உடையையே இரவல் வாங்கிப் போனவள் போல இருந்தாள். அந்த ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெளிச்சத்தை, பொறுமையை. துணியை அல்ல. ஸோட்வா எல்லாவற்றையும் அழித்துவிட்டு கவுனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாரிக் சந்தையில் மேம்பாலத்துக்குக் கீழே மாட்டுத்தலைக்கறி விற்கும் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். மத்தியானம் ஸோட்வா சாப்பிடுவது அங்கேதான். அவித்த ரொட்டி, பலகையில் நறுக்கிய கன்னக்கறி, உப்பு, மிளகாய்த்தூள். அவளுக்குக் கறி கொடுப்பவள் மாசிபியா. சொந்தப் பெயர் பஜபுலிலே. பிறந்தது சிபியா குடியில். கல்யாணமான பெண்ணைப் பிறந்த குடியின் பெயரோடு ‘மா’ சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை என்பதால் எல்லோருக்கும் மாசிபியா. ஒரே வீச்சில் மண்டையைப் பிளக்கும் கை. கூட்டம் ஓய்ந்ததும் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, கோடாரியை மடியில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பார்ப்பாள். இத்தனை நாளாகக் கண்ணில் பட்டும் உறைக்காத அந்தக் காட்சி ஒரு மத்தியானம் ஸோட்வாவுக்கு உறைத்தது. வாயில் வைத்த ரொட்டியை மெல்லவே மறந்துபோனாள்.

“மா, உங்களை ஒரு படம் எடுக்கணும்.”

“எனக்கு அடையாள அட்டை இருக்கு.”

“அதுக்கு இல்ல மா. பெருசா. செவத்துல மாட்டுற மாதிரி.”

“எதைப் போட்டுக்கிட்டு?”

“நம்ம கல்யாணத் தொப்பி, மணி மாலை...”

கோடாரி பலகையில் இறங்கியது. “கறி வேணும்னா நில்லு. இல்லன்னா நடையக் கட்டு.”

ஸோட்வா நடையைக் கட்டவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சாப்பிட்டாள், போனாள். கடைசியில் மாசிபியாதான் வாய் திறந்தாள்.

“சின்னப் பொண்ணா இருக்கும்போது மலைப்பக்கம் ஒரு இடத்துல வேலை பார்த்தேன். வெள்ளைக்காரங்க பார்க்குறதுக்குன்னே கட்டுன பொய் ஊரு. பஸ் சத்தம் கேட்டதும் ஸ்கூல் துணியக் கழட்டிப் போட்டுட்டு மணிப்பாவாடையோட ஓடணும். சிரி சிரின்னு கத்துவாங்க. வெயில்ல நின்னு சிரிச்சுச் சிரிச்சே தாடை வலிக்கும். பல வருஷம் கழிச்சு, மூத்தவன் வயித்துல இருக்கான், கடற்கரையில ஒரு கடையில போஸ்ட்கார்டுப் படம் தொங்குது. நான்! கீழ ‘ஸூலு கன்னி’ன்னு போட்டிருக்கு. வாங்கப்போறியா, இல்ல சும்மா நிக்கப்போறியான்னு கடைக்காரன் கேட்டான். நான்தான் அதுன்னு அவன்கிட்ட சொல்லல. சொன்னா சிரிப்பான்.”

 மறுநாள் ஸோட்வா அந்தக் காலண்டர் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். மாசிபியா கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“பழத்துக்கு வெளிச்சம். புள்ளைக்கு இருட்டு” என்றாள்.

“இந்தப் புள்ளைய நடுவுல உட்கார வைக்கணும் மா. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.”

மாசிபியா தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “திங்கக்கிழமை எனக்கு வியாபாரம் கம்மி. மணி போடமாட்டேன். செருப்பைக் கழட்டமாட்டேன். சிரிக்கமாட்டேன்.”

திங்கட்கிழமை டாக்சி வேனில் வந்து இறங்கினாள். முன் சீட்டில் அவள், மடியில் அலுமினியத் தொட்டி, தொட்டியில் ஒரு பச்சை மாட்டுத்தலை. வழியெல்லாம் மற்றவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். “நீங்க ஞாயித்துக்கிழமை திங்கும்போது மணக்குதில்ல?” என்று கேட்டு வாயடைத்துவிட்டாளாம். வேலைக்குக் கட்டும் அதே மேலங்கி, ரப்பர் பூட்ஸ், தலையில் கல்யாணத்துக்கு நெய்த அகன்ற சிவப்புத் தொப்பி.

மேசைமேல் தலையை வைத்தார்கள். மாசிபியா நாற்காலியில் உட்கார்ந்தாள். இரும்புக் கதவுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் சரியாக இல்லை. கேமராவைத் தூக்கியதும் மாசிபியாவின் தோள் தானாக விறைத்தது. முகவாய் உயர்ந்தது. வேண்டாம் என்று அவளே சொன்ன சிரிப்பு உதட்டோரத்தில் வந்து நின்றது. பொய் ஊரில் பழக்கிய உடம்பு அதை மறக்கவில்லை. நடுவில் திரைத்துணி வேறு அவிழ்ந்து அனெலேயின் தலையில் விழுந்தது. ஈக்கள் மொய்த்தன.

“நான் படிச்ச படிப்புக்கு மாட்டுத்தலைக்கு விசிறி வீச வச்சுட்டியேடி” என்றாள் அனெலே.

“எனக்கு வராது பொண்ணே. விட்டுடு” என்றாள் மாசிபியா. 

ஸோட்வா கேமராவைக் கீழே வைத்தாள். விடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. திரையை மறுபடி இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள், “மா, அந்தத் தலைய வெட்டுங்க.”

“இப்பவா?”

“இப்பத்தான். அனெலேக்குக் கறி வேணுமாம்.”

மாசிபியா எழுந்தாள். கால்களை அகட்டி நின்று கோடாரியை ஓங்கினாள். ஒரே வீச்சு. கத்தியை எடுத்துக் கன்னத்தை அரிந்தாள், நாக்கைத் தனியே வைத்தாள். கையைத் துடைத்தாள். கோடாரியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். வெளிச்சம் தொப்பியின் சிவப்பில் பட்டு, நெற்றியில் இறங்கி, நரம்போடிய கைகளில் போய்த் தங்கியது. ஸோட்வா எடுத்தாள்.

கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு ஓவியக்கூடம் உள்ளூர் படக்காரர்களுக்குக் கண்காட்சி வைத்தது. ஸோட்வாவின் படம் தேர்வானது. ஆள் உயரத்துக்கு அச்சடித்து, மூட்லி கறுப்பு மரத்தில் சட்டம் போட்டுக் கொடுத்தார். திறப்புக்கு முந்தின நாள் ஸோட்வா பார்க்கப் போனாள். படத்துக்குக் கீழே அட்டை: ‘ஸூலு பெண், மாட்டுத்தலையுடன்.’

பொறுப்பாளர் லுங்கெலோ இளைஞன், நல்லவன். “எல்லாத்துக்கும் இப்படித்தான் அக்கா. ‘ஸூலு வீரன்’, ‘ஸூலு தாய்’. அட்டையெல்லாம் அடிச்சாச்சு. நாளைக்குத் திறப்பு” என்றான்.

“அவங்களுக்குப் பேர் இருக்கு. நான் எழுதிக் கொடுத்தேன்.”

“பார்க்குறவங்களுக்கு அந்தப் பேரைத் தெரியாதே.”

“தெரியாததாலதான் தம்பி எழுதணும்.”

அவன் கையைப் பிசைந்தான்.  ஸோட்வா ஏணியை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள்.  அவளுக்குக் கிடைத்த முதல் சுவர் அது. இன்னொன்று கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. இருந்தாலும் டாக்சி வேனில் படத்துக்கும் சேர்த்து இடம் பிடித்து நேராக வாரிக் சந்தைக்குக் கொண்டு போனாள்.

கறிக்கடைத் தகரத்தில் அதைச் சாய்த்து வைத்ததும் சந்தை கூடிவிட்டது. மாசிபியா பக்கத்தில் வந்து, தன் முகத்தை விட்டுவிட்டுக் கைகளைத்தான் முதலில் பார்த்தாள்.

“என் கை இவ்வளவு பெருசா?” என்றாள். பிறகு நிமிர்ந்து, “இந்தப் பொம்பளகிட்ட யாரும் வாலாட்ட முடியாது போலிருக்கே” என்றாள். அடுத்த கடைக்காரி, “இப்ப மட்டும் ஆட்ட முடியுதாக்கும்!” என்றாள். சந்தையே சிரித்தது.

கண்காட்சி திறந்து ஓரிரு நாளில் லுங்கெலோ சந்தைக்கு வந்தான். வெற்றுச் சுவரைக் காட்டிப் பார்வையாளர்கள் கேட்கிறார்களாம். கையில் புது அட்டை வைத்திருந்தான்: ‘பஜபுலிலே சிபியா.’ மற்ற படங்களுக்கும் பெயர்களைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். ஸோட்வா வாங்கி எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு மாசிபியாவிடம் நீட்டினாள். “நீங்க சொல்லுங்க மா. உங்க படம்.”

மாசிபியா தகரத்தையும் புகையையும் பார்த்தாள். “இங்க இருந்தா மழைக்காலம் வர்றதுக்குள்ள கரி பிடிச்சுடும். எடுத்துட்டுப் போ. ஆனா தொழிலையும் போடு. தலைக்கறி விக்கிறவன்னு.” பிறகு அவனுக்கு ஒரு தட்டுக் கறி நறுக்கி வைத்தாள். “தின்னுட்டுப் போ. ஈர்க்குச்சி மாதிரி இருக்க.”

அவன் தின்றுகொண்டிருக்கும்போது டாக்சி வரிசையை ஒழுங்குபடுத்தும் ஸ்வெலாக்கே, கழுத்தில் விசிலோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஸோட்வாவிடம் வந்தான்.

“என்னையும் எடுப்பியா? பழைய ராஜாவெல்லாம் குதிரை மேல இருப்பானுங்களே, அப்படி.”

“குதிரைக்கு எங்கய்யா போக?”

“என் மச்சான்கிட்ட வேன் இருக்கு. பானெட் மேல ஏறி நிக்கிறேன்.”

சுற்றி நின்றவர்கள் கேலி செய்தார்கள். ஸோட்வா சிரிக்கவில்லை. அவன் நிற்கும் தோரணையை, தோளின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள். வேனை கராஜுக்குள் எந்தப் பக்கமாக நிறுத்தினால் அந்த முகத்தில் வெளிச்சம் விழும் என்று யோசித்தாள்.

“திங்கக்கிழமை காலையில வா” என்றாள். “வேனைக் கழுவிட்டு வா.”