சிடிக்கு வைத்த பொட்டு

என் வீட்டுக்காரர் என்னைப் பொட்டலம் கட்டுகிறவள் என்றுதான் சொல்வார். கோபம் வரும், ஆனால் மறுக்க முடியாது. பகலில் மலாக்கா ஆயர் குரோவில் ஆபீஸ் வேலை. மாலையில் காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு கம்பைலரைப் பொட்டலம் கட்டுவேன்.

நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக்கொடுப்பதுதான் கம்பைலர். எங்களுடையது ஓப்பன் சோர்ஸ். முகம் தெரியாத ஆட்கள் பல நாடுகளில் இருந்து சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுங்கள், திருத்துங்கள், அடுத்தவருக்கும் கொடுங்கள் என்று திறந்து வைத்தது. அதற்குப் பிளக்இன்கள் தனியாக வரும்; ஒவ்வொன்றும் கம்பைலருக்கு ஒரு புது வேலையைக் கற்றுக்கொடுக்கும். எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்து, எல்லாவற்றையும் ஒரே சிடியில் போட்டு, ஒரு பட்டனை அழுத்தினால் தானாக ஏறிக்கொள்கிற மாதிரி செய்துகொடுப்பது என் பங்கு. தேங்காய்ப்பால் சோற்றை நாசி லெமாக் பொட்டலமாகக் கட்டுகிறவள் காரச் சம்பலை மறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்வாள் அல்லவா, அந்த மாதிரி வேலைதான்.

அப்போதெல்லாம் இன்டர்நெட் டெலிபோன் கம்பி வழியாக வரும். யாராவது போன் அடித்தால் பாதியில் அறுந்துபோகும். அதனால் மலாக்காவில் எங்கள் கம்பைலர் கை மாறித்தான் பரவியது. நான் ஒரு மூலச் சிடி எழுதிக் கொடுப்பேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய் அதிலிருந்து நகல் போட்டு, கேட்பவர்களுக்குச் சும்மாவே கொடுப்பார்.

அந்த முறை நகலுக்குக் காத்திருந்தவர்களில் எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் இருந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஃபேக்டரியில் ஓப்பரேட்டராக இருந்தாள், அதை மூடிவிட்டார்கள். முடங்கிக் கிடக்காமல் மாலை வகுப்பில் சேர்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். இன்னொரு ஃபேக்டரி, இயந்திரத்தை இயக்கும் சின்ன சிப் ஒன்றைப் பலகையோடு அவள் கையில் கொடுத்து, இதற்கு ஒரு புரோகிராம் எழுதித் திங்கட்கிழமை ஓட்டிக் காட்டு, வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தது. அந்தச் சிப்புக்கான பிளக்இன் என் சிடியில் இருந்தது. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு அவசியம் என்று தெருவுக்கே தெரியும்.

மூலச் சிடியை நானே சோதித்தேன். ஒரு ஃபைல் விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். வீட்டுக்காரரிடம் கொடுத்து, பாய் கடையில் கொடுத்துவிடச் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று போனேன். மெர்டேக்கா மாதம், சுதந்திர தினத்துக்காக வாசலுக்கு வாசல் கொடி. அவள் வீட்டில் கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடியிருந்தது.

"திங்கக்கெழம வரலன்னு காலையிலயே கம்பெனிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேங்கா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா சொல்ற?"

"எனக்கு இது வராதுக்கா. நானும் மாத்தி மாத்தி எழுதிப் பாத்துட்டேன். மொத வரியே தப்புங்குது. அத மாத்துனா வேற தப்பு காட்டுது."

"சிடியில கோளாறு இருக்கும். எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"சாமிகிட்ட வச்சு எடுத்த சிடியாம், உங்க வீட்டு அண்ணன் சொன்னாங்க. அதுல எப்படிக்கா கோளாறு வரும்? தப்பு எங்கிட்டதான்."

எந்தச் சாமி? வீட்டுக்கு ஓடினேன். வீட்டுக்காரர் நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, போற வழியிலதானே பிள்ளையார் கோயில். அந்தப் பிள்ளைக்கு வேலை கெடைக்கணுமேன்னு வச்சுக் கும்பிட்டேன். கார் வாங்குனா பொட்டு வைக்கிறோம்ல, அந்த மாதிரி சந்தனம் குங்குமம் வச்சேன்."

"எந்தப் பக்கம் வச்சீங்க?"

"பளபளன்னு இருக்கே, அந்த மொகத்துலதான். இந்தப் பக்கம் வச்சா நீ எழுதுன பேரு அழிஞ்சிரும்ல. நடுவுலகூட வைக்கல. எதுக்கு வம்புன்னு ஓரமாத்தான் வச்சேன்."

இயந்திரம் படிப்பதே அந்தப் பளபளப்பான பக்கத்தைத்தான். அதிலும் சிடி நடுவிலிருந்து ஓரம் நோக்கி எழுதிக்கொண்டு போகும். கம்பைலர் நடுவில் இருக்கும், கடைசியாகப் போட்ட பிளக்இன்கள் ஓரத்தில் இருக்கும். மனுஷர் பார்த்துப் பார்த்து ஓரத்தில் வைத்திருக்கிறார்.

அப்படியும் பாய் கவனித்திருக்க வேண்டுமே என்று கோபம் கோபமாக வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அவர் கடைக்குப் போனேன். பாய் மூலச் சிடியைத் தனி உறையில் போட்டு மேல் தட்டில் வைத்திருந்தார், பொட்டு உதிர்ந்துவிடக் கூடாதாம்.

"மெஷின் படிக்க முடியலன்னுதான் சொல்லிச்சு தங்கச்சி. சாமிக்கு வச்ச பொட்ட நான் எப்படி லா தொடைக்கிறது? பள்ளிவாசலும் கோயிலும் ஒரே தெருவுல இருக்கு, நாளைக்கு உங்காளுங்க மொகத்துல முழிக்க வேணாமா? படிக்காத எடத்த விட்டுட்டு மிச்சத்தப் போடுன்னு அழுத்திட்டேன்."

விட்ட இடத்தில் இயந்திரம் வெறும் பூஜ்யத்தை நிரப்பிவிடும். பார்வைக்கு முழு சிடி. அந்தப் பிளக்இன் மட்டும் பாதிப் பிணம். அது சரியான புரோகிராமையும் தப்பு என்றுதான் சொல்லும். இவரைப் போய் என்னவென்று திட்டுவது?

பழைய சிடியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் புதிதாக ஒன்று எழுதி, யார் கையிலும் கொடுக்காமல் நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் முதலில் எழுதிய புரோகிராமைக் கேட்டேன். அழித்துவிட்டாளாம். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் மறுபடி அடித்தாள். பட்டனை அழுத்தினோம். ஒரு தப்பும் காட்டவில்லை. சிப் பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. முதல் தடவையே அவள் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள்.

திங்கட்கிழமை போன் செய்து பேசினோம், வேறொரு நாள் கொடுத்தார்கள், அந்த வேலையும் கிடைத்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் நிலைகுலைந்துபோனது அதற்காக இல்லை.

"கம்பெனிகிட்ட நான் பேசுறேன்மா, கவலப்படாத" என்றேன் அப்போது.

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது பேசிக்கலாங்கா. எம்மக வந்து, 'ஏம்மா போகலங்குற'ன்னு கேட்டா. அம்மாவுக்கு மூளை இல்லடி, நீயாச்சும் படிச்சுக்கன்னு சொல்லிட்டேன். அத எப்படிக்கா திருப்பி வாங்குறது?"

அவள் எழுந்துபோய் மகளைக் கூட்டிவந்து விளக்கின் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா."

சொன்னேன். அம்மா எழுதியது முதலிலிருந்தே சரி, அம்மாமேல் ஒரு தப்பும் இல்லை என்று அழுத்திச் சொன்னேன். பிள்ளை விளக்கைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப யாருதான் ஆன்ட்டி தப்பு பண்ணது?"

பழைய சிடி, அவள் அம்மாவுக்காக வேண்டி வைத்த பொட்டோடு, என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை.