நெடுங்காட்டுக் கல்லில் நிக்கல்

கைலாசநாதன் எங்கள் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். நான் பக்கத்து அறையில் இயற்பியல். தருமபுரத்தில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சாம்பாரில் உப்பு சரியா என்று அவரிடம் கேட்கக் கூடாது. மூன்று தடவை ருசி பார்த்துச் சராசரி எடுத்துத்தான் பதில் சொல்வார். அவர் மனைவியின் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

1981 ஐப்பசியில் நெடுங்காட்டிலிருந்து காசியம்மா என்ற விவசாயக் கூலி அவரைத் தேடி வந்தாள். முந்தானையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுத்த கல். களை எடுத்துக்கொண்டிருந்தபோது பத்தடி தள்ளிச் சேற்றில் விழுந்ததாம். மற்றவர்கள் கஞ்சி குடிக்கக் கரையேறியிருந்தார்கள். சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மழைக்காலத்து இடி என்று விட்டுவிட்டார்கள்.

“ரோடு போடுற லாரியிலேர்ந்து விழுந்த சல்லிய வச்சிக்கிட்டுப் புளுகுறேங்கறாங்க சார். வயலுக்குப் போனா, ‘மேல பாத்துக் களையெடு’ன்னு சிரிக்கிறாங்க. நான் சொன்னது நெசம்னு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க.”

“மேலேர்ந்து வர்ற கல்லும் பெரும்பாலும் நம்ம கல்லு மாதிரிதாம்மா. மணல்ல இருக்கிற சிலிக்கா, அப்புறம் மெக்னீசியம், இரும்பு. ஆனா அதுல பொட்டுப் பொட்டா உலோகம் இருக்கும். அந்த இரும்புல நிக்கல் கலந்திருக்கும். நிக்கல் இருந்தா நீங்க சொன்னது சரிங்க.”

ஒரு மூலையை உடைத்துப் பொடித்தார். மூசை என்னும் சின்னக் கிண்ணத்தில் காரத்தோடு சேர்த்து உருக்கினார். கரைத்து மருந்து விட்டதும் ரோஜா நிறத்தில் சிவந்தது. நிக்கல்! மனுஷர் குதிக்காத குறை. சேதி அவருக்கு முன்னால் பஸ் ஏறி நெடுங்காட்டுக்குப் போய்விட்டது. காசியம்மா தலை நிமிர்ந்து வயலுக்குப் போனாள்.

பிறகு கணக்குப் போட்டார். நிக்கல் ஆறு சதவீதம் வந்தது. கல் வகை விண்கற்களில் இரண்டைத் தாண்டுவது அபூர்வம் என்றது புத்தகம். இரண்டு நாள் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மூன்றாம் நாள் மூசையோடு என் அறைக்கு வந்தார்.

“இது எதுல செஞ்சது தெரியுமா?”

“எதுல?”

“நிக்கல்ல.”

விழுந்து விழுந்து சிரித்தேன். உருகிய காரம் மூசையைக் கொஞ்சம் அரித்து, அதன் நிக்கலையும் கலந்துவிடும். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி எச்சரித்தவரே இவர்தான். யானைக்கும் அடி சறுக்கும்.

“யாருக்குத் தெரியப் போவுது? விடுங்க” என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் பஸ் ஏறினார். வேடிக்கை பார்க்க நானும் ஏறினேன்.

வயலிலிருந்து கரையேறிய அத்தனை பேர் முன்னாலும் தன் தப்பைச் சொன்னார். அவளோடு வேலை செய்யும் தங்கையன், “அப்ப சர்டிபிகேட் குடுத்தது கல்லு இல்ல, கிண்ணம்!” என்றான். கரையே சிரித்தது. காசியம்மாவின் முகம் விழுந்துபோனது. ஆனாலும் முந்தானையில் முடிந்திருந்த கல்லை அவிழ்த்து எடுத்தாள்.

“இன்னொரு துண்டு ஒடச்சிக்கிட்டுப் போங்க சார். ஒங்க கிண்ணம் பொய் சொல்லியிருக்கும். நான் சொல்லல.”

இந்தத் தடவை கண்ணாடிப் பாத்திரத்தில் அமிலம் விட்டுக் கரைத்தார். தனித்தனியாக மூன்று முறை செய்தார். மூன்று முறையும் சிவந்தது. நிக்கல் ஒன்றே கால் சதவீதம்.

அடுத்த வாரம் அதே கரையில் நின்று காகிதத்தைப் படித்தார். சிலிக்கா இவ்வளவு, மெக்னீசியம் இவ்வளவு, இரும்பு இவ்வளவு, நிக்கல் இவ்வளவு. ஆகவே இது விண்கல். யாரும் சிரிக்கவில்லை. காசியம்மா மட்டும் கை நீட்டாமல் நின்றாள்.

“கல்லுக்குள்ள இருக்கறதெல்லாம் எழுதிட்டீங்க. விழுந்ததப் பாத்தவ அதுல இல்லியே சார்?”

கைலாசநாதன் பேனாவை எடுத்தார். பிறகு என் முதுகில் காகிதத்தை வைத்து, அடியில் ஒரு வரி எழுதினார்: ‘இது வானிலிருந்து விழுந்ததை நேரில் கண்டவர் காசியம்மா, நெடுங்காடு.’

அவள் வாங்கி, சேறு படாமல் நுனியில் பிடித்துக்கொண்டாள்.

“தங்கையா, இங்க வா. கடைசி வரிய எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி.”