வாசம் வராத பொட்டலம்

எட்டு வயதில் என்னிடம் இருந்த ஒரே திறமை என் மூக்கு. படிப்பில் சுமார், பாட்டில் அதைவிடச் சுமார். ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு எந்தப் பூவை நீட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவேன். மல்லியைச் சொல்ல ஒரு நொடி போதும். செம்பருத்தியை நீட்டினால் கொஞ்ச நேரம் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, “ஒன்னுமே வரலை, அப்போ செம்பருத்தி” என்பேன். விளக்கேற்றின பிறகு மொட்டை மாடியில் இந்த விளையாட்டை ஆடுவது நானும் அத்தையும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் தள்ளிப்போய், முப்பதைத் தாண்டி, கீழ்க்கட்டளையில் எங்களோடுதான் இருந்தாள். தாம்பரம் பக்கம் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை.

மாடி முழுக்க அத்தையின் தோட்டம். வாங்கின தொட்டி ஒன்றுகூடக் கிடையாது. காலி பெயிண்ட் டப்பா, வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம், வீடு கட்டினபோது மிஞ்சின சிமெண்ட் சட்டி. அதிலே குண்டுமல்லி நாலு, செம்பருத்தி ரெண்டு, நந்தியாவட்டை, கனகாம்பரம், கைப்பிடிச் சுவர் ஓரம் பத்துமணிப் பூ. தை மாதம் மல்லிச் செடியில் ஓர் இலை விடாமல் உருவிவிடுவாள். பார்க்கப் பாவமாக இருக்கும். பங்குனியில் துளிர்க்கும், சித்திரையில் மொட்டு கொத்துக் கொத்தாக நிற்கும். பறிப்பதற்கு யாரையும் விடமாட்டாள், என்னையும்தான். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, பறித்து, கட்டி, முருகன் படத்துக்கு ஒரு முழம், எனக்கு ஒரு துண்டு, அவளுக்கு ஒரு துண்டு.

கோடையில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் லாரி. அதனால் அம்மாவுக்கு அந்தத் தோட்டத்தின் மேல் கோபம். “மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, இவ செடிக்கு ஊத்திகினு கீறா” என்று வாசல்வரை கேட்கும்படி சொல்வாள். “அரிசி கழுவன தண்ணிதான் அண்ணி” என்பாள் அத்தை. சமயத்தில் அது லாரித் தண்ணீராகவும் இருக்கும்.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். வண்டலூரில் இருந்த ஓர் அம்மாவும் அவருடைய தம்பியும். தம்பிக்கு நாக்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் மனைவி தவறிவிட்டார், குழந்தை இல்லை. அத்தையைவிட ஒன்பது வயது மூத்தவர்.

அவர்கள் உட்கார்ந்து, பஜ்ஜித் தட்டு வரவேண்டிய நேரத்தில் லாரி ஹாரன் அடித்தது. எங்கள் தெருவில் ஹாரன் கேட்டால், தாலி கட்டுகிற நேரமானாலும் ஓடத்தான் வேண்டும். அம்மா குடத்தோடு ஓடினாள். பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அத்தையும் ஓடினாள். மாப்பிள்ளை ஒரு நிமிடம் அப்பா முகத்தைப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டு அவரும் இறங்கி வரிசையில் போய் நின்றுவிட்டார்.

“இன்னா சார், புதுசா கீற? இந்த வூட்டு மாப்பிள்ளையா?” என்றார் லாரிக்காரர்.

“இன்னும் முடிவாகலைங்க” என்றார் இவர். வரிசையே சிரித்தது.

அத்தையோடு இரண்டு குடத்தை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். டப்பாக்களைச் சுற்றிக் கட்டியிருந்த சாக்கைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். “வெயில்ல டப்பா கொதிக்கும், வேர் வெந்துடும்” என்றாள் அத்தை. அவர் குவளையை வாங்கி, ஒவ்வொரு சாக்காகக் குனிந்து நனைத்தார். அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கீழே அடுப்படியில் அம்மா, “பொண்ணு பாக்க வந்தாரா, தண்ணி புடிக்க வந்தாரா?” என்று பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட மேப்பில் நாக்பூரைத் தேடினேன். இந்தியாவுக்கு நட்டநடுவில் இருந்தது. அத்தை அங்கே போய்விட்டால் எனக்கு யார் பின்னிவிடுவார்கள்? யார் கண்ணைக் கட்டுவார்கள்?

அப்பாவுக்கும் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை. ஆள் நல்லவராகத் தெரிகிறது, ஆனால் இரண்டாம் தாரம். அதோடு தூரம். ஒன்று என்றால் உடனே போய்ப் பார்க்க முடியுமா? அம்மாவைக் கேட்டார். பெரியப்பாவைக் கேட்டார். கடைசியில் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரைக்கூடக் கேட்டார். “தூரந்தான் சார். ஆனா வந்த எடத்துல குடம் தூக்கறாரே, அதையும் பாக்கணும்ல?” என்று அவர் சொன்னதில் அப்பாவின் குழப்பம் இன்னும் கூடியது. வண்டலூரிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் வேண்டுமாம்.

“நமக்கு எதுக்கு பேஜாரு? முருகன்கிட்ட பூ கேட்டுடலாம்” என்று அப்பா முடிவு செய்தார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். வெள்ளைக்கு மல்லி, சிவப்புக்குச் செம்பருத்தி, எடுக்க நான். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து அம்மாவுக்கு வீட்டுக்கு விலக்கு. பூஜை அலமாரிப் பக்கம் வரக்கூடாது. அப்பாவுக்குப் பொட்டலம் கட்ட வராது. ஆகவே பறிப்பதும் மடிப்பதும் கட்டுவதும் அத்தை தலையில் விழுந்தன.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ரகசியமாகச் சொன்னேன்.

“அத்தை, நீ கவலப்படாத. நீ நாக்பூர் போவ வேணாம்.”

“யாரு சொன்னது?”

“நாந்தான எடுக்கப் போறேன்? மல்லி வாசம் வர்ற பொட்டலத்தத் தொடவே மாட்டேன். ஒன்னுமே வராதது செம்பருத்தி. அத எடுத்துடுவேன்.”

அத்தை கை அப்படியே நின்றது. டப்பா நிரம்பி, தண்ணீர் தரையில் வழிந்து ஓடியது. ஒரு சொட்டைக்கூட வீணாக்காத ஆள் அவள்.

“சாமி விஷயத்துல அப்படிலாம் செய்யலாமா பாப்பா?”

“முருகன் ஒன்னும் சொல்ல மாட்டாரு. நீ போயிட்டா அவருக்கு யாரு பூ கட்டுவா?”

“நீ வக்கீலுக்குப் படி” என்று சிரித்தாள். பிறகு மீதி டப்பாக்களுக்கு ஊற்றப் போனாள். நான் சொன்னதில் அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அத்தை தலைக்குக் குளித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பூவோடு இறங்கி வந்தாள். என் பழைய கணக்கு நோட்டில் இரண்டு தாள் கிழித்து, ஒரே அளவில் இரண்டு பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, பித்தளைத் தட்டில் வைத்தாள். அப்பா கற்பூரம் காட்டினார். “கண்ண மூடிக்கினு, முருகா முருகான்னு சொல்லிக்கினு, ஒன்னு எடும்மா.” அடுப்படி வாசலில் நின்ற அம்மா, “விழுந்து கும்பிட்டுட்டு எடுடீ!” என்று குரல் கொடுத்தாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

விழுந்து கும்பிட்டேன். தட்டு மூக்குக்கு நேராக இருந்தது. கற்பூர வாடை அடங்கும்வரை நெற்றியைத் தரையில் வைத்துக் காத்திருந்தேன். வீட்டில் எல்லோருக்கும் என் பக்தியைப் பார்த்துச் சந்தோஷம். வலது பக்கப் பொட்டலத்தில் மல்லி, சந்தேகமே இல்லை. இடது பக்கத்தில் நோட்டுத் தாளின் வாடையைத் தவிர ஒன்றுமே வரவில்லை. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இடது பக்கத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

அப்பா நூலைப் பிரித்தார். உள்ளே பச்சைக் காம்போடு ஐந்து மல்லி மொட்டு.

“முருகா!” என்றார் அப்பா. மொட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் செய்த கள்ளத்தை முருகன் பார்த்துவிட்டார், பூவை மாற்றிவிட்டார்!

“இன்னொன்னையும் பிரிச்சுப் பாத்துடுங்களேன், மனசு ஆறும்” என்றாள் அம்மா. அப்பா கை நீட்டுவதற்குள் அத்தை அதை எடுத்துக்கொண்டாள். “சொல்லிட்டாரு அண்ணி. திரும்பப் பாத்தா சாமியச் சோதிக்கிற மாதிரி ஆயிடும்.” அதுவும் சரிதான் என்றார் அப்பா. அத்தை படத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். வழக்கமாக மூன்று தடவை. அன்று நிறுத்தவே இல்லை. “போதும்மா, செவந்துட்சு பாரு” என்று அப்பா சொல்லவேண்டி வந்தது. அப்புறம் பொட்டலத்தோடு மாடிக்குப் போனாள். பின்னாலேயே போன நான், மல்லி டப்பாவில் மண்ணைக் கிளறி அதைப் புதைப்பதைப் பார்த்தேன்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், அத்தை வேலைக்குப் போனபிறகு தோண்டிப் பார்த்தேன். தாள் ஊறிப் பிய்ந்திருந்தது. உள்ளே கறுத்துக் குழைந்த செம்பருத்தி. அதற்குள்ளே, விரிந்து பழுப்பேறின மல்லி இரண்டு, கட்டின நாரோடு. ரொம்ப நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். முருகன் மல்லியைச் செம்பருத்தியாக மாற்றும்போது, அவசரத்தில் இரண்டை மறந்து விட்டுவிட்டார். மண்ணை மூடிவிட்டு அங்கேயே நின்று கும்பிட்டேன்.

வைகாசியில் குன்றத்தூர் மலைமேல் கல்யாணம். அத்தை ஒரு மல்லிப் பதியனை, வெட்டின தண்ணீர் பாட்டிலில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ரயில் ஏறினாள். மற்ற செடிகளுக்கு அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள், திட்டிக்கொண்டே. ஒன்றுகூடக் காயவில்லை.

எனக்கு அன்றைக்கு வந்த பக்தி இன்றுவரை குறையவில்லை. கல்யாணமாகி வண்டலூர்ப் பக்கம் குடிவந்தும், முடிந்த கிருத்திகைக்கெல்லாம் குன்றத்தூர் போகிறேன். பால்கனியில் ஏழு தொட்டி வைத்திருக்கிறேன், இரண்டில் குண்டுமல்லி. சாயங்காலம் பறித்துக் கட்டுவதுதான் வழக்கம். போன சித்திரைக் கிருத்திகைக்கு விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டியிருந்ததால், முதல் தடவையாகக் காலையில் பறித்தேன். ஐந்தாறு மொட்டு உள்ளங்கையில் சேர்ந்ததும், பழக்கத்தில் மூக்கருகே கொண்டு போனேன்.

ஒன்றுமே வரவில்லை.

மல்லி மொட்டு சாயங்காலம் வாய் திறக்கிற நேரத்தில்தான் மணக்கும். காலையில் பறித்தால் இலையின் வாடைதான் இருக்கும். செடி வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். அத்தைக்குத் தெரியாமல் இருக்குமா? செம்பருத்தியோடு கிடந்த மல்லி அவள் முந்தின நாள் தலையில் வைத்திருந்த பூ. எந்தப் பொட்டலத்தை எடுப்பேன் என்று நானே அவளிடம் சொல்லியிருந்தேனே.

அத்தை நாக்பூரில் நன்றாக இருக்கிறாள். வருஷா வருஷம் மே மாதம் இருவரும் வருகிறார்கள். என் தொட்டிகளைப் பார்த்துவிட்டு மாமா முதலில் குவளையைத்தான் தேடுவார். இதைப் பற்றி நான் அவளிடம் கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. அன்று முருகன்தான் சொன்னார் என்றே இப்போதும் நம்புகிறேன். வேறு வழியில்லாமல் எங்கள் இருவர் கள்ளத்தையும் வைத்துச் சொன்னார், அவ்வளவுதான். அப்பா அம்மாவைக் கேட்டார், பெரியப்பாவைக் கேட்டார், இஸ்திரிக் கடைக்காரரைக் கேட்டார், முருகனையும் கேட்டார். உனக்கு இஷ்டமா என்று அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஆமாம் என்று அவளாகச் சொல்லவும் அந்த வீட்டில் வாய் வந்திருக்காது.

அன்று படத்தின் முன்னால் அத்தை நிறுத்தாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது, அவளுக்குத்தான் எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். என் தப்புக்குப் பயந்து நானும் பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே தப்புக்குத்தான் போட்டுக்கொள்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது.