வெள்ளைச் சேவலும் சிரிக்காத கான்ஸ்டபிளும்

இவாண்டர் க்வாமினாவின் காதைப் போல இன்னொரு காதைக் கடவுள் செய்யவில்லை. முயன்று பார்த்து, மண் தீர்ந்துபோய் விட்டுவிட்டார். ஒரு பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது அர்த்தம், பாடுகிறவன் தொண்டையைச் செருமும்போதே க்வாமினாவுக்குக் கேட்டுவிடும். மூன்றாவது அர்த்தம் இருந்தால், அது எழுதியவனுக்கே தெரியாது, க்வாமினாவுக்குத் தெரியும். லண்டன் ராஜா இவரை மட்டும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தால் டிரினிடாட் இன்றைக்கும் அவர் கையில்தான் இருந்திருக்கும்.

கூப்பிடவில்லை. அதனால் க்வாமினா பெல்மாண்டில் கான்ஸ்டபிளாகவே இருந்தார். கார்னிவல் மாதம் வந்தால் அவருக்கு ஒரே வேலை. கலிப்ஸோ என்கிற நையாண்டிப் பாட்டுப் பாடும் கொட்டகையில் முதல் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சர்க்காரைக் கிண்டல் செய்கிற பாட்டு எது, ஆபாசமான பாட்டு எது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

அவர் ஒன்றையும் நிறுத்தியதில்லை. சிரித்ததும் இல்லை. கொட்டகை முழுக்க மேடையைப் பார்க்காமல் அவருடைய மீசையைத்தான் பார்க்கும். மீசை துடித்தால் பாட்டு ஜெயித்தது என்று கணக்கு. அது துடிக்காமல் இருக்க, அவர் மனைவி ஒக்டேவியா மிளகாய் சேர்த்து உருட்டிய புளி உருண்டை ஒன்று எப்போதும் அவர் கன்னத்தில் அடங்கியிருக்கும். சிரிப்பு முட்டும்போது ஒரு கடி. கண்ணில் தண்ணீர் வரும். பல் வெளியே வராது.

பாடகர்கள் மத்தியானமே பாட்டைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷம் தையற்காரர் ஒருவர் வந்தார். கொட்டகையில் அவர் பெயர் பப்பாளிப் பிரபு. க்வாமினா படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். 

"இதென்னய்யா, சேவல் முட்டை போடலைன்னு எழுதியிருக்க?"

"சும்மா தின்னுட்டு உக்காந்திருக்கில்ல, அதைச் சொல்றேன்."

"ஊர்ல எந்தச் சேவலய்யா முட்டை போட்டுச்சு? இந்த வரியில கோழி செத்துப்போச்சு. கவர்னர் மட்டும் தனியா நிக்கிறாரு. கோழியைப் பத்திப் பாடுறதுன்னா கோழி நெசமாவே கோழியா இருக்கணும். மாத்து."

பப்பாளிப் பிரபு வாயைப் பிளந்தார். "நீங்க என்னைப் பிடிக்க இருக்கீங்களா, சொல்லிக்குடுக்க இருக்கீங்களா?"

"மோசமான பாட்டு எழுதினா பிடிப்பேன்."

அன்று சாயங்காலம் க்வாமினா தன் நாற்காலிக்கு வந்தபோது, பக்கத்து நாற்காலியில் புது இன்ஸ்பெக்டர் துரை உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பாட்டுக்கூடத் தடையாகவில்லையே என்று மேலிடத்துக்குச் சந்தேகம். இன்றைக்கு ஒரு பாட்டில் கிண்டல் இருப்பது துரைக்கே தெரிந்துவிட்டால் க்வாமினாவின் சட்டை போகும். பப்பாளிப் பிரபு உள்ளே போவார். ஓடிப்போய் எச்சரிக்கவும் வழியில்லை. மேளம் ஆரம்பித்துவிட்டது.

"பக்கத்து வீட்டு வெள்ளைச் சேவல், பவிசைப் பாரு கொண்டையில,
எங்க சோளம் தின்னுபுட்டு ஏறி நிக்குது மண்டையில,
தான் கூவித்தான் விடியுதுன்னு தனக்குள்ள ஒரு நெனப்பு,
ஞாயித்துக்கிழமை சட்டியில தெரியும் அதோட கொழுப்பு."

க்வாமினா உருண்டையைக் கடித்தார். இனி வரப்போகும் சிரிப்பில் கூரையே பறக்கும், அதோடு தன் வேலையும் பறக்கும் என்று காத்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல எல்லோரும் அவர் மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைத் தொப்பியையும் பார்த்துவிட்டார்கள். துறைமுகக் கூலிகள், சலவைக்காரிகள், கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் என்று கொட்டகை மொத்தமும் க்வாமினாவின் மூஞ்சியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தது. ஒரு சலவைக்காரி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மேடையில் பப்பாளிப் பிரபுவுக்கு மட்டும் ஒன்றும் புரியாமல் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"இது என்ன பாட்டு?" என்றார் துரை.

"கோழி வளக்கறதைப் பத்தி, துரை."

"அந்தச் சேவல் யாருடையது?"

"பக்கத்து வீட்டுது, துரை."

"எந்தப் பக்கத்து வீடு?"

"அதைத்தான் நாங்களும் விசாரிச்சுக்கிட்டிருக்கோம், துரை."

துரை கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். "பாவம். ஒருத்தர்கூடச் சிரிக்கலையே. இவனால சர்க்காருக்கு என்ன ஆபத்து வரப்போகுது?" என்று எழுந்து போனார். அவருடைய மோட்டார் வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு வந்த சத்தத்தில் இரண்டு பெஞ்சுகள் உடைந்தன. அதே பாட்டை ஏழு தடவை பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

க்வாமினா அப்போதும் சிரிக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுப்படியில் ஒக்டேவியாவிடம் முதலிலிருந்து சொன்னார். "எந்தப் பக்கத்து வீடு" என்ற இடம் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். வருஷா வருஷம் கொட்டகையில் சேர்த்துவைத்த சிரிப்பையெல்லாம் அந்த அடுப்படியில்தான் அவர் செலவழித்தார்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இன்றைக்குக் கொட்டகைக்குப் போலீஸ் வருவதில்லை. பென்ஷன் வாங்கும் க்வாமினா மட்டும் பழக்கதோஷத்தில் முதல் வரிசையில் போய் உட்காருகிறார். மந்திரியைத் திட்டுகிறவன் மந்திரி பெயரைச் சொல்லியே திட்டுகிறான். "அதுக்குத்தானப்பா இவ்வளவு பாடுபட்டோம், நல்லதுதான்," என்கிறார். கொஞ்சம் கழித்து, "ஆனா கோழி இல்லையே," என்கிறார்.

ஒக்டேவியா செத்து இரண்டு கார்னிவல் ஆகிறது. சிரிப்பை எடுத்துக்கொண்டு போக அவருக்கு இப்போது அடுப்படி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் யாரோ அவர் வீட்டுக் கேட்டில் ஒரு பொட்டலம் புளி உருண்டையை மாட்டிவிட்டுப் போகிறார்கள். யார் என்று பெல்மாண்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, விட்டுவிடலாம்.

இதுவரை எழுதியதை, அவர் எப்படியும் சிரித்துவிடுவார் என்ற நம்பிக்கையில், அவர் வீட்டு வாசலிலேயே நின்று படித்துக் காட்டியாயிற்று. ராஜா வந்த இடத்தில் மீசை அசையவில்லை. சேவலுக்கும் அசையவில்லை. முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஒரு இடத்துலதான் பொய்."

"எந்த இடம்?"

"யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறியே, அங்க." 

மீசையின் ஒரு நுனி மெல்ல மேலே ஏறியது. 

"ஒக்டேவியா கொட்டையை எடுத்துட்டுத்தான் உருட்டுவா, தம்பி. கிழவன் பல்லு, எத்தனை நாளைக்குத் தாங்கும்? வர்ற வெள்ளிக்கிழமையாவது எடுத்துட்டு உருட்டு."